‘நம்ம மணம் இல்லியே’

சென்ற வாரம் தனுவச்சபுரம் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, உடன் வந்த நண்பரிடம் காதொலிக் கருவியின் ஒரு முனையைக் கொடுத்து மூன்று பாடல்களைக் கேட்கச் செய்தேன். கேட்டு முடித்ததும் அவர் சொன்னது: “கொள்ளாம். ஆனா இதில நம்ம மணம் ஒண்ணும் இல்லியே.”

பாடல்கள் கொல்கத்தாவைச் சேர்ந்த ‘பரேக் அண்ட் சிங்’ என்னும் இருவர் குழுவின் முதல் தொகுப்பான ‘ஓஷன்’-இல் உள்ளவை. இத்தொகுப்பைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் பெரும்பாலானவை என் நண்பர் சொன்ன இந்த ஒரே வாக்கியத்தின் வேற்றுருவங்கள்தாம். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அறியாதோர்க்குச் சுருக்கமாக: நிஸ்சய் பரேக் பாடுகிறார், கிதார் வாசிக்கிறார், ஜிவ்ராஜ் சிங் டிரம்ஸையும் மின்னணு ஒலிகளையும் கவனிக்கிறார். ‘ஓஷன்’ 2013இல் பரேக்கின் பெயரில் முதலில் வெளிவந்தது. 2016இல் லண்டனின் பீஸ்ஃப்ராக் நிறுவனம் அதை இருவர் பெயரிலும் உலகெங்கும் வெளியிட்டது. பாடல்கள் அனைத்தும் ஆங்கிலம். இண்டி பாப் என்னும் வகைக்குள் வைக்கலாம். குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் மிதப்பதாலும், ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைந்து படிவதாலும் 1960களின் சைக்கடெலிக் இசையின் சாயலும் அதில் உண்டு. ‘ஐ லவ் யூ பேபி, ஐ லவ் யூ டால்’ என்ற பாடலுக்கு மிஷா கோஷ் இயக்கிய காணொளிதான் இவர்களைப் பரவலாக அறியச் செய்தது.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். அது இரண்டு வேடங்களில் வருகிறது. ஒன்று புகழ்ச்சி: “இவர்கள் இந்தியாவிலிருந்து வருகிறார்கள் என்றால் நம்பவே முடியவில்லை.” மற்றொன்று குறை: “இந்தியர்கள் ஏன் இப்படிப் பாட வேண்டும்?” முதலாவதைச் சொல்பவர் பெருமைப்படுகிறார், இரண்டாமவர் வருந்துகிறார். ஆயினும் இருவரும் சரிபார்ப்பது ஒன்றையே, பாடுபவரின் முகவரியை. இசையைக் குறித்து இருவருமே இன்னும் வாய் திறக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்த இரு மாணவர்கள் தொடங்கிய எம்ஜிஎம்டி குழுவின் முதல் முழுத்தொகுப்பு ‘ஆரக்குலர் ஸ்பெக்டாகுலர்’ 2007இல் வந்தது. அதுவும் சைக்கடெலிக் பாப்தான். அதைக் கேட்டவர்கள் இன்றுவரை சண்டையிடுகிறார்கள்: ‘டைம் டு ப்ரிடெண்ட்’, ‘எலெக்ட்ரிக் ஃபீல்’, ‘கிட்ஸ்’ என்னும் மூன்று பாடல்களுக்காக மட்டும் அது நினைக்கப்பட வேண்டுமா, பிற்பகுதியின் விசித்திரமான பாடல்களே உண்மையான சாதனையா என்று. 2010இல் வந்த அடுத்த தொகுப்பில் அத்தகைய துள்ளல் பாடல்கள் இல்லாதபோது பலர் ஏமாந்தார்கள், சிலர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தோம் என்றார்கள். அந்தச் சண்டை எவ்வளவு நல்ல சண்டை! பாடல்களைப் பற்றியது. அவர்களுடைய இசையில் கனெக்டிகட் மாநிலத்து மண்வாசனை ஏன் இல்லை என்று கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. ‘ஓஷன்’-ஐ வெளியிட்ட அதே பீஸ்ஃப்ராக் வெளியிட்ட இன்னொருவர் ஹோசே கொன்சாலஸ். அர்ஜென்டினப் பெற்றோருக்கு ஸ்வீடனில் பிறந்து ஆங்கிலத்தில் பாடுபவர். அவருடைய கிதாரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

குறை கூறுவோர் காட்டும் இன்னொரு சான்று, அந்தக் காணொளி. சமச்சீரான காட்சிகள், மிட்டாய் நிறக் கோட்டுகள், அசையாத முகங்கள்: வெஸ் ஆண்டர்சனின் படங்களைப் பார்த்துப் போட்ட நகல் என்கிறார்கள். சாயல் அப்பட்டமாகவே தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டர்சன் 2007இல் ராஜஸ்தானுக்கு வந்து எடுத்த ‘த டார்ஜிலிங் லிமிடெட்’ படத்தின் பின்னணியில் ஒலிப்பது யாருடைய இசை? சத்யஜித் ராய் தம் படங்களுக்கு அமைத்த இசை. 1964இன் ‘சாருலதா’-வின் இசையும் அதில் உண்டு. அமெரிக்கர் கொல்கத்தாவிலிருந்து எடுத்தால் அது மரியாதை, கொல்கத்தாக்காரர் அமெரிக்கரிடமிருந்து எடுத்தால் நகல். கடன்வாங்கலைப் பற்றி மொழியியலில் முதலில் கற்பது, அது எந்தப் பக்கமும் போகும் என்பதே. எந்தப் பக்கம் போனால் அதற்கு இழிபெயர் கிடைக்கிறது என்பதோ மொழியியலுக்கு வெளியிலுள்ள கேள்வி.

கொல்கத்தாவுக்கு இது புதிதுமன்று. பார்க் ஸ்ட்ரீட்டின் உணவகங்களில் ஆங்கிலப் பாடல்களும் ஜாஸும் பல பத்தாண்டுகளாக ஒலித்தன. நம் உஷா உதுப் சென்னையில் ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில் பாடத் தொடங்கி, பின்னர் அங்கே டிரிங்காஸில் காஞ்சிபுரம் பட்டுடுத்தி மேடையேறியவர்தாம். அந்த ஊரின் ‘மணம்’ எது என்று நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருக்கும் நாம் இருவர் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

இந்த வாக்கியம் என்னை இவ்வளவு உறுத்துவதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில் விழுந்தது, பேச்சு விழவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீருக்கு வெள்ளம் என்போம், தேநீருக்குச் சாயா என்போம். ஆராய்ச்சிப் படிப்புக்கான ஒரு நேர்காணலில் ஐந்து நிமிடம் என் ஆய்வுத்திட்டத்தை விளக்கினேன். எதிரே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் தாய்மொழி மலையாளமோ?” இங்கே திருவனந்தபுரம் பக்கம் போனால், என் மலையாளத்தைக் கேட்டு, “பாண்டி நாடோ?” என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நான் சொன்னது என்ன என்பது கேட்கப்படவேயில்லை.

என் நண்பர் சொன்ன ‘கொள்ளாம்’ என்ற சொல்லையே பாருங்கள். மலையாளத்திலும் எங்கள் பக்கத் தமிழிலும் அது ‘நன்று’, ‘ஏற்கலாம்’ என்று பொருள்படும். பழந்தமிழ் இலக்கணம் மட்டும் படித்த ஒருவர் அதைத் தன்மைப் பன்மை எதிர்மறையாகக் கொண்டு, ‘யாம் ஏற்க மாட்டோம்’ என்றே புரிந்துகொள்ள இடமுண்டு. பாராட்டு மறுப்பாகிவிடும். பேசியவர் எந்த ஒழுங்கில் நின்று பேசுகிறார் என்று கேட்காமல், நம் கையிலிருக்கும் இலக்கணத்தைக் கொண்டே அளந்தால் இப்படித்தான் ஆகும். ‘ஓஷன்’-க்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ளாமல் போவது நேர்மையன்று. “உன் வெள்ளமும் அவர்களுடைய ஆங்கிலமும் ஒன்றா?” என்று கேட்கலாம். ஒன்றல்ல. எங்கள் பேச்சு ஏளனத்துக்கு ஆளாவது. அவர்களுடைய ஆங்கிலம் கதவுகளைத் திறப்பது. இந்தியாவில் ஆங்கிலத்தில் கனவு காண்பதற்கே ஒரு வர்க்கத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று ஒருவர் இத்தொகுப்பை விமர்சித்தால் நான் பொறுமையாகக் கேட்பேன், பெரும்பகுதி ஒப்புக்கொள்ளவும் செய்வேன். அது பொருளுள்ள விமர்சனம். ஆனால் அதற்கு ‘மணம் இல்லை’ என்ற போர்வை வேண்டாம். வர்க்கத்தைப் பற்றிச் சொல்வதென்றால் வர்க்கம் என்றே சொல்லலாம். மேலும், ஒரு தபேலாவையோ சித்தாரையோ இடையில் நுழைத்திருந்தால் இந்த வர்க்கக் கேள்வி எழாமலே போயிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அயல்நாட்டுக் காதுக்கு மணம் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் நிறைவடைந்திருப்பார்கள்.

என் கருத்து என்னவென்று கேட்பீர்கள். முதல்முறை கேட்டபோது நானும் நண்பரைப்போல்தான் சொன்னேன். அதுவும் ‘கொள்ளாம்’ என்ற சலுகைகூட இல்லாமல். பின்னர் வண்டியில் போகவும் வரவும் பலமுறை கேட்டேன். பரேக்கின் வரிகள் மிக எளியவை, சில இடங்களில் குழந்தைப் பேச்சின் எளிமை. அதில் பாதி எனக்கு உவப்பாக இருக்கிறது, பாதி திகட்டுகிறது. தொகுப்பு முழுவதும் ஒரே இளஞ்சூட்டில் இருப்பது அதன் பெருங்குறை. யாரும் எதற்காகவும் குரல் உயர்த்துவதில்லை. இதைத் தாங்கி நிறுத்துவது ஜிவ்ராஜ் சிங்கின் டிரம்ஸ். மெத்தையில் கிடக்கும் பாடலுக்கு அடியில் அது மட்டும் விழித்திருக்கிறது, தூக்கம் வரும் இடத்தில் ஒரு தட்டு தள்ளிப் போடுகிறது. ‘பாண்டா’, ‘கோஸ்ட்’ இரண்டையும் அதற்காகவே கேட்கலாம்.

இதையெல்லாம் நண்பரிடம் வண்டியில் சொல்லிக்கொண்டே போனேன். பாறசாலை தாண்டியதும் அவர் காதொலியைத் திரும்பக் கேட்டார். ‘கோஸ்ட்’ முடியும்வரை கேட்டுவிட்டு, “அந்த மேளம் அடிக்கிறவன் கெட்டிக்காரன், ஆனா பாடுறவனுக்குப் பசியே கிடையாது போல,” என்றார்.

நான் படித்த எந்த மதிப்புரையையும்விட இது எனக்குப் பிடித்திருந்தது. பாதிதான் உடன்படுகிறேன். மீதியைப் பற்றிக் குழித்துறை வரும்வரை வாதாடினோம்.