பேட்டரிக்கும் ஒரு மொழி உண்டு

மொழி மாந்தர்க்கு மட்டும் உரியதன்று. இன்றைய இயந்திரங்களுக்கும் மொழி உண்டு. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாவிட்டால் என்ன இடர் விளையும், அம்மொழியை எல்லோருக்கும் திறந்து வைப்பது யார் கடமை என்பன பற்றிச் சில கருத்துகளை இம்மலர் வாயிலாக ஆசிரியப் பெருமக்கள் முன்னும் சக மாணவர் முன்னும் வைக்க விழைகிறேன்.

நான் நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவன். 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம், 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் தந்து வருகிறது. அனல் மின் நிலையத்தில் கொதிகலனின் அழுத்தமும் டர்பைனின் வெப்பமும் கட்டுப்பாட்டு அறைக்கு நொடிதோறும் வந்துகொண்டிருக்கும். அளவுமானியைக் கழற்றிவிட்டுக் கொதிகலனை இயக்கு என்றால் எந்தத் தொழிலாளி சம்மதிப்பார்? ஆனால் சூரிய ஒளியை நம்பி லித்தியம் பேட்டரி வாங்கி வைத்திருக்கும் பல வீடுகளில் இன்று நடப்பது ஏறக்குறைய அதுதான்.

பழைய ஈய அமில பேட்டரிக்கு இவ்வளவு தொல்லை இல்லை. இருப்பு குறையக் குறைய அதன் மின்னழுத்தமும் குறையும். ஓய்வில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி என்று ஒரு சிறிய மீட்டரே சொல்லிவிடும். வீடுகளில் பெரிதும் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையின் இயல்பு வேறு. 80 விழுக்காடு இருந்தாலும் 30 விழுக்காடு இருந்தாலும் ஒரு கலத்தின் அழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்களவே மாறும். வெளியிலிருந்து அழுத்தத்தை மட்டும் பார்க்கிறவன், குடத்தைத் தொட்டுப் பார்த்து உள்ளே எவ்வளவு நீர் என்று கணிப்பவனை ஒத்தவன்.

உள்ளிருப்பதை அறிந்தது பேட்டரிக்குள்ளேயே உள்ள மேலாண்மைப் பலகை ஒன்றுதான். பி.எம்.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்வது இதையே. வரும் மின்னோட்டத்தையும் போகும் மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்து அது இருப்பைக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு கலத்தின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காவல் காக்கிறது. அபாயம் என்று கண்டால் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. அந்தச் செய்தி இன்வெர்ட்டருக்கும் கண்காணிப்புத் திரைக்கும் முன்கூட்டியே போனால் மின்னேற்றத்தைக் குறைக்கலாம், சுமையைக் குறைக்கலாம். போகாவிட்டால் வீடு எச்சரிக்கையின்றி இருளில் மூழ்கும்.

செய்தி போக வழியில்லையா? உண்டு. மோட்டார் வாகனங்களுக்கென பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்னும் முறை இன்று பெரும்பாலான பேட்டரிகளில் இருக்கிறது. இரண்டு கம்பிகள், இரு முனையிலும் 120 ஓம் மின்தடை, அவ்வளவே. ஆயினும் கேன் என்பது எழுத்து மட்டுமே, மொழியன்று. ரோமன் எழுத்தில் பிரெஞ்சும் எழுதலாம், மலாயும் எழுதலாம். ஒன்றைக் கற்றவனுக்கு மற்றது புரியுமா? பல நிறுவனங்கள் 351 என்ற எண்ணிட்ட செய்தியில் மின்னேற்ற வரம்பையும், 355இல் இருப்பு விழுக்காட்டையும், 356இல் அழுத்தம், மின்னோட்டம், வெப்பம் ஆகியவற்றையும் அனுப்புகின்றன. வேறு சில தமக்கென்று ஒரு வழக்கை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று நொடிக்கு 500 ஆயிரம் துணுக்குகள் என்ற வேகத்தில் பேசினால் மற்றொன்று 250 ஆயிரத்தில் பேசுகிறது. செருகி பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உள்ளே கம்பிகளின் வரிசை வேறு.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் என் பெரியப்பா வீட்டிற்கு மின்வாரியக் கம்பி போகவில்லை. பழைய பேட்டரியை மாற்றி லித்தியம் பேட்டரி வைத்தார். திரை இரவு பதினொரு மணி வரை ‘100’ என்றே காட்டும். அடுத்த கணம் விளக்கணையும். பாம்பு நடமாடும் தோப்பில் இது சிறு செய்தியன்று. மொழி விவரத்தாள் கேட்டபோது, “அதெல்லாம் கம்பெனி தர்றதில்லைங்க” என்றார் விற்றவர். மூன்று வாரம் கழித்து ஒரு மெக்கானிக் எங்கிருந்தோ அத்தாளைத் தேடிப் பிடித்தார். இரண்டு கம்பிகளை இடம் மாற்றி, வேகத்தைப் பொருத்தினார். திரை உண்மை பேசியது. குறை பேட்டரியிலும் இல்லை, இன்வெர்ட்டரிலும் இல்லை. ஒரு பக்கத் தாள் மறைக்கப்பட்டதே குறை.

மொழியை வெளியிட்டால் எவரேனும் தவறான கட்டளை அனுப்பி விபத்து நேரும் என்பர் சிலர். கண்காணிப்புத் திரைக்கு வேண்டியது கேட்கும் உரிமை, கட்டளையிடும் உரிமையன்று. அழுத்த வரம்பைக் கையால் அமைத்துவிட்டால் போதுமே என்பர் வேறு சிலர். பல வீடுகளில் அப்படியும் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கலங்கள் முதுமை அடையும்போதும், கோடை வெயிலில் அறை கொதிக்கும்போதும், கையால் வைத்த வரம்பு தானாக மாறிக்கொள்ளாது. உண்மைக் காரணம் வேறென்பது என் துணிபு. மொழி மறைந்திருந்தால் பேட்டரி வாங்கியவர் அதே நிறுவனத்தின் இன்வெர்ட்டரையும் வாங்கியே தீர வேண்டும். 1979இல் மோடிகான் நிறுவனம் ‘மோட்பஸ்’ என்னும் தன் மொழியை எல்லோரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. அதனால் அம்மொழி அழியவில்லை. உலகத் தொழிற்சாலைகள் பலவற்றில் இன்றும் வழங்குகிறது.

இது தோப்பு வீட்டுச் சிக்கல் மட்டுமன்று. தாய்நாட்டு மின்கட்டமைப்போடு சேராமல் பெரிதும் டீசலை நம்பியிருந்த தெற்கு அந்தமானில், நம் நெய்வேலி நிறுவனமே 2020இல் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 8 மெகாவாட் மணி பேட்டரியோடு இயக்கத் தொடங்கியது. அந்த 20 மெகாவாட்டையும் பேட்டரி ஒன்றே தாங்கினால் 24 நிமிடங்களில் தீர்ந்துபோகும். மேகம் மறைத்த சில நொடிகளுக்குள் எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பேட்டரி சொல்லியாக வேண்டும். பெரிய நிலையத்திற்கு அதைச் செய்து தரப் பொறியாளர் குழு உண்டு. ஏழை உழவனுக்கு யார் உண்டு?

2011 டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் கரையேறியபின் நம் கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் பல, மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய இரவுகளில் கைகொடுக்க வேண்டிய பேட்டரி, தன் நிலையைச் சொல்லத் தெரியாமல் நின்றால் என்ன பயன்?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். அரசு அலுவலகமோ கல்லூரியோ மருத்துவமனையோ லித்தியம் பேட்டரிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, மொழி விவரத்தாளும் கம்பி வரிசைப் படமும் சேர்த்துத் தரப்பட வேண்டும் என ஒரு நிபந்தனை இடம்பெறட்டும். எலக்ட்ரீசியன்கள் படித்துணரத் தமிழில் ஒரு கையேடு வரட்டும். நம் இயற்பியல் ஆய்வகத்தில், வீட்ஸ்டன் பாலத்தோடு கேன் செய்தியைப் படித்தறியும் சோதனை ஒன்றும் சேரட்டும்.

பழுப்பு நிலக்கரி என்றேனும் ஒருநாள் தீரும். அதன்பின் மின்சாரம் ஓரிரு புகைபோக்கிகளிலிருந்து அன்று, ஆயிரமாயிரம் கூரைகளிலிருந்து வரும். ஒவ்வொரு கூரையின் கீழும் ஒரு சிறிய கட்டுப்பாட்டு அறை அமையப்போகிறது. அதை இயக்கப்போகிறவர்கள் நாம். விலை கேட்கும்போதே விவரத்தாளையும் கேட்கும் வழக்கத்தை இன்றே தொடங்குவோம், தோழர்களே!