சொந்தச் செலவில் சூனியம்

போன ஞாயிறு அக்கா மகன் வந்திருந்தான். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. வங்கிக் கடனில் ஒரு செகண்ட் ஹேண்ட் போலோ வாங்கியிருக்கிறான். "மாமா, லோயரிங் ஸ்பிரிங் போடப் போறேன். வண்டி ரோட்டோட ஒட்டி நிக்கும். ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும்" என்றான். தங்கமணி கேட்டது ஒன்றுதான்: "மழை பெஞ்சா தம்பானூர் தண்ணியைத் தாண்டுமா?"

நிற்க. நான் பி.காம். மெக்கானிக் இல்லை. இருந்தாலும் பையன் போனபிறகு உட்கார்ந்து படித்தேன்.

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. உயரம் குறைந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும். ஆனால் ஸ்பிரிங் குட்டையானால் அது அமுங்குவதற்கான இடமும் குறையும். அதை ஈடுகட்ட ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும். வண்டியோடு வந்த ஷாக் அப்சார்பர் அந்தக் கடினத்துக்காகச் செய்தது அல்ல, சீக்கிரம் ஓய்ந்துவிடும். சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும். இதெல்லாம் நல்ல ஸ்பிரிங் போட்டாலே. காசை மிச்சம் பிடிக்க, இருக்கிற ஸ்பிரிங்கையே கிரைண்டரால் வெட்டித் தருகிறவர்களும் உண்டு. வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு நழுவலாம்.

"ஜெர்மனியில எல்லாரும் போடறாங்களே மாமா!"

போடுகிறார்கள். அங்கே ஸ்பிரிங்கோடு எந்தெந்த காருக்குப் பொருந்தும் என்ற சான்றும் வருகிறது. பொருத்தியதைப் பரிசோதகர் பார்த்து, வண்டியின் காகிதத்தில் ஏற்றவும் செய்கிறார்கள். நாம் ஸ்பிரிங்கை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, பரிசோதகரை அங்கேயே விட்டுவிட்டோம்!

சட்டத்துக்கு வருவோம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்றது. அதே ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் எனக்குத் துறை மேலும் வருத்தம் உண்டு. ரோட்டில் பையன்களைப் பிடித்தால் போதாது, வெட்டிக் கொடுக்கும் கடையின் ஷட்டரையும் தட்ட வேண்டும். முறையாகச் செய்ய நினைப்பவனுக்கு ஜெர்மனி மாதிரி ஒரு பரிசோதனை வழியும் திறக்க வேண்டும்.

ஆனால் என் கோபம் அபராதத்தைப் பற்றியது அல்ல. இருபது வருஷமாகக் கடன் பத்திரம் பார்க்கிறேன். ஜாமீன் போடுகிறவரை எதிரே உட்காரவைத்து, "கடன்காரர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும், தெரியுமா?" என்று கேட்காமல் கையெழுத்து வாங்கியதில்லை. இந்தத் தம்பிமார்கள் பின் சீட்டில் இருப்பவர்களைக் கேட்காமலேயே ஜாமீன் போட வைக்கிறார்கள். எதிரே ஸ்கூட்டரில் வருகிறவனும் சேர்த்தி. விபத்தென்று வந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கலாம். வண்டி போனாலும் மாதத் தவணை நிற்காது.

தீபாவளிக்கு அக்காவை அந்த போலோவில்தான் கும்பகோணம் அழைத்துப் போவதாக ஏற்பாடு. நாகர்கோவில், நெல்லை, மதுரை, திருச்சி என்று நாள் முழுக்க ஓட்டம். அக்காவுக்கு முதுகுவலி வேறு.

டேய் தம்பி, காசு உன்னுடையதுதான். முதலில் உன் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா.