சாமியைச் சோதிக்கும் நாம் சாமியாரைச் சோதிப்பதில்லை

திருவிழா இரவு. தப்புச் சத்தம் உச்சத்துக்குப் போகிறது. கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வருகிறது. உடனே யாரும் காலில் விழுந்துவிடுவதில்லை. தோட்டத்துப் பெரியவர் ஒருவர் முன்னுக்கு வந்து, "வந்திருக்கிறது யாரு? பேரைச் சொல்லு" என்று அதட்டுகிறார். பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்கிறார். உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்து ஏற்றுகிறார்கள். கை பின்வாங்குகிறதா, கண் அலைகிறதா என்று சுற்றி நிற்பவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். வந்தது நம்ம சாமிதான் என்று மனம் ஒப்பிய பிறகுதான் விபூதிக்கு நெற்றி குனிகிறது.

லுணுகலை, மடுல்சீமை, பசறைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெய்வத்தைக் கேள்வி கேட்பது அபசாரம் என்று நம் பாட்டன் பூட்டன் நினைக்கவில்லை. ஆனால், அதே தோட்டத்துக்கு வெளியூரிலிருந்து காவி கட்டிய ஒருவர் வேனில் வந்து இறங்கினால், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கக்கூட நமக்கு வாய் வருவதில்லை. கோயில் மண்டபத்தைத் திறந்துவிடுகிறோம். மைக் செட் கட்டிக் கொடுக்கிறோம். லயம் லயமாக ஏறி இறங்கிக் காசு சேர்க்கிறோம். சாமிக்கு வைக்கிற சோதனையைச் சாமியாருக்கும் வைக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. அதை ஒவ்வொரு தொழிலாளியின் தலையிலும் தனித்தனியாகப் போடாமல், கோயில் நிர்வாக சபைகள் ஏற்றுச் செய்ய வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் மலையகத்தின் வாசலிலேயே இருக்கிறது. பிரேமானந்தா என்று உலகம் அறிந்த பிரேம்குமார் சோமசுந்தரம் 1951இல் மாத்தளையில் பிறந்தவர். 1972இல் அங்கேயே ஆச்சிரமம் தொடங்கினார். சிவராத்திரியில் வாயிலிருந்து லிங்கம் எடுத்தார். வெறுங்கையிலிருந்து விபூதி கொடுத்தார். 1983 கலவரத்தில் அந்த ஆச்சிரமம் எரிக்கப்பட்டது. மறு ஆண்டு, ஆதரவற்ற பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு அவர் தமிழகம் போனார். பின்னர் திருச்சிக்குப் பக்கத்தில் பாத்திமா நகரில் பெரிய ஆச்சிரமம் எழுந்தது. வெளிநாடுகளிலும் கிளைகள் முளைத்தன.

1994இல் அங்கிருந்து தப்பி வந்த பெண்பிள்ளைகள் வாய் திறந்தார்கள். 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.பானுமதி தீர்ப்பளித்தார். ஆச்சிரமத்தில் இருந்த 13 பெண்பிள்ளைகளை வன்புணர்ந்ததற்கும், அங்கேயே வாழ்ந்த ரவி என்ற பொறியியலாளரைக் கொன்றதற்கும் இரட்டை ஆயுள் தண்டனை. கருவுற்ற ஒரு பெண்ணின் விடயத்தில் மரபணுப் பரிசோதனை சாட்சியானது. சென்னை உயர் நீதிமன்றம் 2002இலும், இந்திய உச்ச நீதிமன்றம் 2005இலும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தன. 2011 பெப்ரவரியில், தண்டனைக் கைதியாகவே அவர் இறந்தார்.

அந்தப் பிள்ளைகளில் பலர் இலங்கையிலிருந்து போனவர்கள். பெற்றவர்களை இழந்தவர்கள், அல்லது பெற்றவர்கள் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள். லீவுக்குப் பிள்ளை ஏன் வீட்டுக்கு வரவில்லை, ஏன் மெலிந்திருக்கிறது, ஏன் பேச மாட்டேனென்கிறது என்று வாசலில் போய் நின்று கேட்க அவர்களுக்கு ஆள் இல்லை. நாம் குருவைத் தேடிக்கொண்டிருப்பதாக நினைக்கும் நேரத்தில், கேட்க நாதியில்லாதது யார் என்று போலி தேடிக்கொண்டிருக்கிறான்.

நம் தோட்டங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில். அப்பா கொழும்பில் ஏதோ ஒரு கடையில். பிள்ளை லயத்துக் காம்பராவில் அம்மாயியோடு. நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024இல்தான். தோட்டச் சம்பளத்தில் ஒரு பிள்ளையை டவுனில் தங்கவைத்துப் படிப்பிக்க முடியாது. அந்த வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்று, "சாப்பாடு, உடுப்பு, படிப்பு எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்மா" என்று சொன்னால் அது தெய்வ வாக்காகவே கேட்கும். அப்படிச் சொல்கிறவர்களில் நல்லவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களை வாழ்த்துகிறோம். எனினும் கெட்டவனும் இதே சொற்களோடுதான் வருவான்.

தோட்டத்துச் சனங்களுக்குப் படிப்பில்லை, அதனால் ஏமாறுகிறார்கள் என்று டவுனில் பேசுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரேமானந்தாவின் பக்தர்களில் ஐரோப்பியர்கள் இருந்தார்கள். இந்த நாட்டின் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து, பிறகு வட மாகாண முதலமைச்சரான சி.வி.விக்னேஸ்வரனும் அவருடைய பக்தரே. பிரேமானந்தாவோடு தண்டிக்கப்பட்டவர்களை விடுதலை செய்யும்படி 2014இல் அவர் இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மூன்று நீதிமன்றங்கள் ஆராய்ந்து முடித்த வழக்கு அது. ஒருமுறை மனம் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டால், சட்டம் படித்தவருக்கும் அதை மீட்டெடுப்பது அவ்வளவு கடினமாகிவிடுகிறது. ஒப்படைக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? அற்புதத்தைப் பார்க்காதீர்கள். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து, சிறு உருண்டையாக உருட்டிக் காயவைத்து, பெருவிரலின் இடுக்கில் ஒளித்துக்கொண்டால், விரலசைவில் நொறுக்கி யாரும் விபூதி "வரவழைக்கலாம்". கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத சூழலில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் கண்மூடும் வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை.

மெய்யான ஆசானின் அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. தட்சிணேசுவரத்தில், பணத்தைத் தொட்டாலே உடம்பு கூசும் என்ற இராமகிருஷ்ணரை நரேந்திரன் நம்பவில்லை. அவருக்குத் தெரியாமல் படுக்கைக்கு அடியில் ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்தார். குரு வந்து உட்கார்ந்தார், துடித்து எழுந்தார். சோதித்தவன் யாரென்று தெரிந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. சீடன் தன்னைச் சோதித்தது அவருக்குப் பிடித்திருந்தது. அந்த நரேந்திரன்தான் விவேகானந்தர். நமக்கு இன்னும் பக்கத்தில், 1964இல் மறைந்த யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் கொழும்புத்துறையில் ஒரு குடிசையில் வாழ்ந்தார். தேடி வந்தவர்களை ஏசித் திருப்பி அனுப்பியதும் உண்டு. ஆள் சேர்க்கும் தேவை இல்லாதவர்கள் இவர்கள்.

"குருவைச் சந்தேகப்பட்டால் பாவம் வந்து சேரும்" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். சீடனின் கேள்விக்குப் பயப்படுகிறவரிடம் பிள்ளையை எப்படி ஒப்படைப்பது? குருபக்தி உயர்ந்தது, அதை நாம் குறைத்துப் பேசவில்லை. பக்தி செலுத்துகிற இடம் சரியா என்று பார்ப்பது பக்தியின் முதல் வேலை என்கிறோம்.

ஆகவே, தோட்டத்துக் கோயில் நிர்வாக சபைகளிடம் கேட்கிறோம். வெளியூர்ச் சாமியார் எவருக்கும் மண்டபம் கொடுக்கும் முன், இதற்கு முன் அவர் தங்கியிருந்த ஊர்க் கோயிலோடு போனில் பேசுங்கள். சேர்கிற காசின் கணக்கைப் போகும் முன் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். பெண்களும் பிள்ளைகளும் தனி அறையில், கதவு சாத்திக்கொண்டு, "விசேஷ பூசை"க்குப் போகும் வழக்கத்தை எந்தப் பெயரில் வந்தாலும் அனுமதிக்காதீர்கள். அவருடைய ஆச்சிரமத்தில் தங்கி, பிறகு விலகி வந்தவர் யாராவது இருந்தால் அவரைத் தேடிப் பேசுங்கள். கிளம்ப நினைத்தபோது அவரை எப்படி நடத்தினார்கள் என்பதில் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

பிள்ளையை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அது ஆச்சிரமமானாலும் சட்டம் ஒன்றுதான். பதிவு உண்டா என்று லுணுகலை பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். இந்த இலக்கம் ஒவ்வொரு கோயில் சுவரிலும், நன்கொடையாளர் பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே, பெரிதாக எழுதப்பட வேண்டும்.

எமக்குத் தெரிந்த ஓர் அம்மாயியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்கள். மகள் வெளிநாட்டில், பேத்திக்குப் பத்து வயது. பிள்ளையை அழைத்துப் போக வந்தவர்கள் படம் காட்டினார்கள், கட்டடம் காட்டினார்கள், கையில் பிரசாதமும் கொடுத்தார்கள். எல்லாம் கேட்டுவிட்டு அம்மாயி ஒன்றே ஒன்று கேட்டார்: "நா நெனச்ச நேரத்துல வந்து பிள்ளையப் பாக்கலாங்களா சாமி?" வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, நாங்கள் சொல்கிற நாளில் வரலாம் என்றார்கள். அம்மாயி பிரசாதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். பிள்ளையைக் கூப்பிட்டு, ஸ்கூலுக்கு நேரமாகிறது, சப்பாத்தைப் போடு என்றார்.