ஸைகோன் முட்டை ஸோடா

முட்டை என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடும் நேயர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களை நான் குற்றஞ் சொல்ல மாட்டேன். ஆனால், ஒரு தேசத்தார் தங்களை ஆண்ட அந்நியரிடமிருந்து எதை ஏற்றார்கள், ஏற்றதை என்ன செய்தார்கள் என்று அறிய விரும்புவோருக்கு, ஸைகோன் நகரத்துக் குளிர்பானக் கடைகளில் கிடைக்கும் இந்தப் பானத்தைப் போன்ற சாட்சி அகப்படுவது அரிது.

'ஸோடா ஸுவா ஹோட் கா' என்பது அதன் பெயர். ஸோடா, பால், கோழி முட்டை என்று மூன்று சரக்கும் பெயரிலேயே வரிசையாக நிற்கின்றன. 'ஹோட்' என்றால் விதை. கோழி இட்டதை விதை என்று சொல்வது வியட்நாமின் தென்பகுதி வழக்கு. வடக்கே ஹானோயில் முட்டைக்கு வேறு சொல் வழங்குகிறது. ஆகவே, பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பானத்தின் ஊர் தெரிந்துவிடும்.

வெள்ளைக் கருவை நீக்கிவிட்டு, மஞ்சட்கருவை மட்டும் உயரமான கண்ணாடித் தம்ளரில் இட்டு, அதன்மேல் இரண்டு மூன்று கரண்டி டப்பாப் பாலை ஊற்றுகிறார்கள். பிறகு அடிக்க வேண்டும். மஞ்சள் வெளுத்து நுரை கட்டும் வரையில் கை ஓயாமல் அடிக்க வேண்டும். இதில் சோம்பினால் பச்சை முட்டையின் வீச்சம் போகாது. கடைக்காரரின் கீர்த்தி முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிறகு குளிர்ந்த ஸோடாவைச் சிறுகச் சிறுக விட்டுக் கலக்கி, ஐஸ் போட்டால் தீர்ந்தது. பச்சை முட்டையாதலால், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதைத் தொடாதிருப்பது நலம்.

டப்பாப் பால் அங்கே வந்தது எப்படி? வியட்நாமியக் குடியானவனுக்கு மாடும் எருமையும் ஏர் இழுப்பதற்கே. கறந்து குடிக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. 1859-ல் ஸைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களுக்கோ காப்பிக்குப் பால் இல்லாமல் முடியாது. அதே பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த தமிழரில் மாடு வளர்த்துப் பால் விற்றவர்களும் உண்டு. ஆயினும், அந்த வெயிலில் கறந்த பால் எத்தனை நாழிகை தாங்கும்? நீரைச் சுண்ட வைத்துச் சர்க்கரையை அள்ளிக் கொட்டி டப்பாவில் அடைத்த பாலே வென்றது. பாலின் நீரைச் சுண்ட வைக்கும் முறைக்கு 1856-ல் போர்டன் என்னும் அமெரிக்கர் உரிமை பெற்றார்.

ஸோடாவும் ஐரோப்பியச் சரக்குதான். எனவே மூன்றில் இரண்டு அந்நியம். சுதேசி விரதக்காரர் ஒருவர் தம்ளரைத் தள்ளிவிட இது போதுமே! ஆனால், பிரான்ஸ் தேசத்தில் மஞ்சட்கருவைச் சர்க்கரையோடு சூடான பாலில் அடித்து, 'கோழிப் பால்' என்ற வேடிக்கையான பெயரிட்டு, நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள். அது போர்வைக்குள் கிடந்து பருகுவது. ஸைகோன்வாசியோ நடுப்பகல் வெயிலில், தெருவோரத்துச் சிறு முக்காலியில் அமர்ந்து, நுரை பொங்கப் பொங்கப் பருகுகிறான். இதை எந்தத் துரை கற்றுக் கொடுத்தார்?

ஹானோயில் கதை வேறு. 1946-ல் அங்கே பால் கிடைப்பது அருமையாயிற்று. மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை செய்த ஒருவர், பாலுக்குப் பதிலாக மஞ்சட்கருவை அடித்துக் காப்பியின்மேல் விட்டார் என்று சொல்கிறார்கள். அந்த முட்டைக் காப்பி இன்றும் ஹானோயின் பெருமை. வடக்கே பாலுக்குப் பிரதியாக வந்த முட்டை, தெற்கே பாலுக்குத் துணையாக அமர்ந்திருக்கிறது.

தென்பகுதியில் இருந்த பால் தொழிற்சாலைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு 1976-ல் ஒரு தேசிய ஸ்தாபனமாக்கியது. வினாமில்க் என்பது இன்று அதன் பெயர். வெண்தாடிக் கிழவர் கோலூன்றி நிற்கும் படத்துடன் அது விற்கும் டப்பாவுக்கு 'ஓங் தோ' என்று பெயர். 'தோ' என்றால் தீர்க்காயுள். 1975-க்குப் பிறகு ஊரை விட்டுக் கடல் கடந்து கலிபோர்னியாவில் குடியேறியவர்கள் நடத்தும் உணவுச் சாலைகளிலும் முட்டை ஸோடா கிடைக்கிறது. அங்கேயும் அதை அந்தத் தெற்கத்திப் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள்.