திண்ணைக்கு வந்த பள்ளி

தம்பி! கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் படிப்புப் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது 1953-ஆம் ஆண்டு ஆட்சி. நாடு கொதித்தது, 1954-இல் குலக்கல்வி குழியில் வீழ்ந்தது!

கொரோனா பள்ளிக் கதவை அடைத்தபோது, நாகலாபுரத்துக் கரிசலில் களையெடுக்கும் தாய் கைபேசிப் பாடத்துக்கு எங்கே போவாள்? பிள்ளைகள் எழுத்தை மறந்தனர்; எண்களை மறந்தனர். 2021-இல் எழுந்தது ‘இல்லம் தேடிக் கல்வி’. அந்தியில் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், ஊரில் படித்த பெண்கள் எழுத்தும் கூட்டல் கழித்தலும் கற்பித்தனர்.

அது கூலியன்று, தொண்டு! ஆயினும் தொண்டர் ஆசிரியருக்கு ஈடாகார். ஆசிரியர் காலியிடத்தை நிரப்புவது அரசின் கடன். நம் கடன் யாது? எழுதப் படிக்கத் தெரியாதாருக்கு ஏடு படித்துக் காட்டப் படிப்பகம் கண்ட இயக்கமல்லவா இது! அந்தி சாய்ந்ததும் படிப்பகக் கதவைத் திற, விளக்கேற்று, பிள்ளைகளை அழை!