ஒரே வகுப்பறை, இரண்டு பட்டங்கள்

தேவதானம் கிராமத்திலிருந்து ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பஸ் ஏறிப் போய் பி.எஸ்சி. முடிக்கும் மாணவிகள் பலருக்குப் படிப்பு அதோடு நின்றுவிடுகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர் என்றால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைத்திருக்கும். முதல் பட்டம் கைக்கு வந்ததும் அந்த உதவியும் நின்றுவிடும். எம்.எஸ்சி. என்றால் இன்னும் இரண்டு ஆண்டு, புதுக் கட்டணம், "இவ்வளவு படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று வீட்டில் எழும் கேள்வி. முதுநிலைப் படிப்பு எப்படியிருக்கும் என்பதை ஒரு நாள்கூடப் பார்க்காமலேயே அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இளநிலை இறுதியாண்டு மாணவர்களும் முதுநிலை முதலாண்டு மாணவர்களும் சில விருப்பப் பாடங்களை ஒரே வகுப்பில் சேர்ந்து படிக்கலாம் என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் உதவும். உதவித்தொகை வரும் ஆண்டுகளுக்குள்ளேயே, கூடுதல் செலவில்லாமல், ஒரு முதுநிலைப் பாடத்தை எட்டிப் பார்த்துவிடலாம். கிராமப்புற மாணவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் எழுதப்பட்ட விதி இல்லாமல் செய்தால், இதே ஏற்பாடு முதுநிலைப் பட்டத்தின் மதிப்பைக் குறைக்கும். ஆசிரியரின் சுமையைக் கூட்டும். ஆகவே விதி முதலில், வகுப்பு பிறகு என்பதில் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றுபட வேண்டும்.

இளநிலை மாணவர் முதுநிலைத் தரத்தை எட்டுவது நமக்குப் புதிய யோசனை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆனர்ஸ் படிப்பு எம்.ஏ.வுக்கு நிகராக மதிக்கப்பட்டது. ஆனர்ஸ் தேறியவர்கள் தனியாக இன்னொரு தேர்வு எழுதாமலே எம்.ஏ. பட்டம் பெற முடிந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தபோதே இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. எல்லா மாணவரும் சந்திரசேகர் ஆகிவிட மாட்டார்கள். ஆனாலும் இளநிலை மாணவருக்கு இவ்வளவுதான் எட்டும் என்று நாம் முன்கூட்டியே கோடு போட்டுவிடக் கூடாது என்பதற்கு அவர் போதுமான சாட்சி.

இன்றைய நிலைமையும் இந்தக் கேள்வியை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, பாடங்களுக்கு அவற்றின் நிலையைக் காட்டும் எண்களை வகுத்தது. 400 வரிசை நான்காம் ஆண்டு ஆனர்ஸுக்கு. 500 வரிசை இரண்டாண்டு எம்.எஸ்சி.யின் முதலாண்டுக்கு. இரண்டும் அடுத்தடுத்த படிகள். ஆனால் இந்தக் கட்டமைப்பிலுள்ள நான்காண்டுப் பட்டத்தைத் தமிழக அரசு ஏற்கவில்லை. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு இளநிலையும் இரண்டாண்டு முதுநிலையும்தான் தொடர்கின்றன. அந்த அரசியல் விவாதம் தனி. அது எப்படி முடிந்தாலும், இரு நிலை மாணவர்களும் சந்திக்கும் பாடத்தை எப்படி நடத்துவது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரே பாடத்துக்கு இரண்டு எண் கொடுத்து இரு நிலை மாணவரையும் உட்கார வைக்கிறார்கள். முதுநிலை மாணவருக்குக் கூடுதல் வேலை கட்டாயம் என்பதைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுகிறார்கள். முதுநிலைப் பட்டத்துக்கான கிரெடிட்டில் குறைந்தது பாதியாவது முதுநிலை மாணவர் மட்டும் படிக்கும் பாடங்களில் இருக்க வேண்டும் என்றும் பல இடங்களில் வரம்பு வைத்திருக்கிறார்கள். நமக்குத் தேவைப்படுவதும் இதே தெளிவுதான்.

நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம். தேவதானத்தை ஒட்டிய மலையடிவாரத்தில் சாஸ்தா கோயில் நீர்த்தேக்கம் இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. சூழலியல் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேண்டாம். வனத்துறை அனுமதியோடு இரு நிலை மாணவர்களும் ஒன்றாக அங்கே போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கயிறு கட்டிய சதுரக் கட்டமான குவாட்ரட்டுக்குள் இருக்கும் செடிகளை இனங்கண்டு, எண்ணி, பட்டியலிடுவது இளநிலை மாணவரின் வேலை. குவாட்ரட்டை எங்கே போடுவது, எத்தனை போடுவது, ஏன் என்று முன்னதாகவே திட்டம் எழுதித் தருவது முதுநிலை மாணவரின் வேலை. கிடைத்த எண்ணிக்கையைப் புள்ளியியல் முறைப்படி சோதித்து, முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டு, செமினாரில் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் வேண்டும். மலை ஒன்று, வகுப்பு ஒன்று, எதிர்பார்ப்பு இரண்டு. இந்த வேறுபாட்டை செமஸ்டரின் முதல் நாளே தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது.

அப்படி எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? தமிழகப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இளநிலைக்குத் தேர்ச்சி மதிப்பெண் 40, முதுநிலைக்கு 50. சேர்ந்து படித்த இருவர் ஒரே கேள்வித்தாளை எழுதி இருவருமே 45 வாங்கினால், இளையவர் பாஸ், மூத்தவருக்கு அரியர். கேட்ட கேள்வியும் எழுதிய பதிலும் ஒன்றாக இருக்கும்போது இந்த முடிவை எப்படி நியாயப்படுத்துவது? ஆகவே கேள்வித்தாளில் ஒரு பகுதி பொதுவாகவும் மறுபகுதி தனித்தனியாகவும் இருக்க வேண்டும். இன்டர்னல் மதிப்பெண்ணுக்கான வேலைகளும் அப்படியே. மதிப்பெண் பட்டியலிலும் பாடம் எந்த நிலையில் படிக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும்.

கிரெடிட் விஷயத்திலும் குழப்பம் கூடாது. நான்கு கிரெடிட் பாடம் என்றால் ஏறத்தாழ 60 மணி நேர வகுப்பு. இளநிலையில் இப்படி இரு நிலையினரும் சேர்ந்து படிக்கும் பகிர்வுப் பாடம் ஒன்றைப் படித்துவிட்டு அதே துறையில் எம்.எஸ்சி. சேருபவரை மறுபடியும் அதே 60 மணி நேரம் உட்கார வைப்பது வீண். அதே கிரெடிட்டை இரண்டு பட்டத்துக்கும் எண்ணுவதும் சரியல்ல. அவருக்கு அடுத்த படியிலுள்ள இன்னொரு பாடத்தைத் தர வேண்டும். எம்.எஸ்சி.யின் இரண்டு ஆண்டுகளில் இத்தகைய பாடங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் யோசனை. மூத்த மாணவர்கள் தங்களுக்குள் மட்டும் ஆழமாக விவாதிக்கும் வகுப்புகளும் அவர்களுக்குக் கட்டாயம் தேவை.

ஆசிரியர்களின் அச்சத்தையும் நேர்மையாகப் பேச வேண்டும். இரண்டு வகுப்பை ஒன்றாக்கினால் நிர்வாகம் அடுத்து ஒரு பணியிடத்தையே ஒன்றாக்கிவிடுமோ என்ற கவலை அவர்களுக்கு இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே பல துறைகள் ஓடும் காலத்தில் இந்தக் கவலை நியாயமானது. மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. பகிர்வுப் பாடம் எடுப்பவர் இரண்டு விதமான கேள்விகளைத் தயாரிக்கிறார், இரண்டு விதமாகத் திருத்துகிறார், முதுநிலை செமினாரையும் தனியே நடத்துகிறார். அந்த உழைப்பு பணிச்சுமைக் கணக்கில் ஏற வேண்டும். பகிர்வுப் பாடத்தைக் காரணம் காட்டி எந்தப் பணியிடமும் குறைக்கப்படாது என்பதும் விதியிலேயே இருக்க வேண்டும்.

இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இணைப்புப் பல்கலைக்கழகங்கள் பொது விதியை வகுக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளும், கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தங்கள் பாடத்திட்டக் குழுக்களிலேயே இதை முடிவு செய்துகொள்ள முடியும். கல்லூரி நிர்வாகங்கள் கால அட்டவணையில் கவனம் வைக்க வேண்டும்: பகிர்வு வகுப்பை மாலையில் கடைசியாகத் தள்ளிவிட்டால், பஸ்ஸை நம்பி வரும் சேத்தூர், தேவதானம் பிள்ளைகள்தான் முதலில் கழன்றுகொள்வார்கள். மகளிருக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து இருந்தும், வீட்டுக்குத் திரும்பும் நேரத்துக்கு அது வராவிட்டால் பயனில்லை.

மாணவர்களுக்கும் கடமை இருக்கிறது. மூத்தவர்கள் இளையவர்களைச் சுமையாக நினைக்காமல், தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு எவ்வளவு தெரியும் என்பது ஒருவருக்கு விளங்கும். இளையவர்கள் கூச்சத்தை விட்டுக் கேள்வி கேட்க வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்தவர் தமிழில் கேட்டாலும் ஆசிரியர் அதை வரவேற்க வேண்டும். பெற்றோர் தங்கள் மகளோ மகனோ இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தால் தடுக்காமல் துணை நிற்க வேண்டும்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு துறையும் ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கட்டும். அதன் விதிகளை ஒரு பக்கத்துக்குள் தமிழிலும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அந்தக் கூட்டத்தில் மாணவர் பிரதிநிதிகளுக்கும் ஓர் இடம் இருக்கட்டும். ஓர் ஆண்டு முடிந்ததும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, தரம் குறைந்ததா, வாய்ப்பு கூடியதா என்று பேசட்டும். குறையிருந்தால் திருத்தலாம், நன்மையிருந்தால் விரிக்கலாம். எல்லோரும் சேர்ந்து எழுதிய விதியைத்தான் எல்லோரும் மதித்து நடப்பார்கள்.