கட்டளையும் கணிதமும்

சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிப்பொறி நிரல்களுள் ஒன்று ‘மாக்சிமா’. 1968-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய முயற்சியிலிருந்து கிளைத்த இது, இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ‘சால்வ்’ என்னும் ஒரே கட்டளையில் விடை வந்துவிடுகிறது. ஆயினும் மாணவர் முதலில் பழக வேண்டியது அக்கட்டளை அன்று. சமன்பாட்டின் இருபுறத்தையும் ஒருங்கே கூட்டவும், கழிக்கவும், வகுக்கவும் இடும் கட்டளைகளையே.

எடுத்துக்காட்டாக, க² = 5க என்பதைக் ‘க’-வால் வகுக்குமாறு பணித்தால், பொறி தடையின்றி க = 5 என்று காட்டும். 5-ஐப் பிரதியிட்டுச் சரிபார்த்தாலும் குறை புலப்படாது. ஆனால் சுழியும் ஒரு தீர்வே. ‘க’ சுழியாகவும் இருக்கலாம் என்பதை எண்ணாது வகுத்தமையால் அது மறைந்தது. ‘சால்வ்’ கட்டளையோ 0, 5 என இரண்டையும் தரும்.

இவ்விரு விடைகளையும் அருகருகே வைத்து, வேறுபாட்டின் காரணத்தை ஆசிரியர் வினவுதல் வேண்டும். 5க-வை இடப்புறம் கொணர்ந்து, ‘ஃபாக்டர்’ கட்டளையால் காரணிப்படுத்தினால் க(க − 5) = 0 எனக் காரணம் விளங்கும்.

களத்தில் சூத்திரங்களை மாற்றியமைத்துப் பயன்படுத்துவோருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வகுக்கும் அளவு சுழியாகக் கூடுமா என்று முதலில் நோக்குதல் அவர் கடமை. பொறி ஏவியதைச் செய்யும்; ஏவலின் தகுதியை ஆராய வேண்டியவர் ஏவுபவரே.